கத்திகளைப் பற்றி நான் சொன்ன பொய்கள்

காட்டு வேலைக்குக் கத்தி வாங்குகிறவன் முதலில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை மறந்துவிட வேண்டும் என்பது என் வீட்டுக்காரரின் கட்சி. அடுத்தது, மடக்குகிற கத்தியைத் தொடவே கூடாது. மடங்குகிற இடம்தான் உடைகிற இடம் என்பார். இரும்பு ஒரே துண்டாகக் கைப்பிடியின் கடைசி வரை ஓட வேண்டும். விரல் நீளத்துக்கு ஒரு கம்பியைக் கட்டைக்குள் சொருகி ஒட்டிய கத்தியைக் கடையில் கண்டால் கடைக்காரரிடமே சண்டைக்குப் போய்விடுவார். "இத வச்சு என்னத்த வெட்ட? வெண்டைக்காயா?" என்று அவர் சத்தமாகக் கேட்க, நான் யாரோ மாதிரி நகர்ந்து அடுத்த கடை வாசலில் நின்றுகொள்வேன்.

நாங்கள் காமயகவுண்டன்பட்டியில் இருக்கிறோம். கீழே இருக்கிற திராட்சைத் தோட்டம் என் பொறுப்பு. மேலே, கம்பம்மெட்டு தாண்டி இருக்கிற ஏலக்காய்த் தோட்டம் அவருடையது. காலையில் ஜீப்பில் ஏறிப் போனால் பொழுது சாய இறங்குவார். ஏலத்தோட்டத்தில் கத்தி இல்லாமல் ஒரு வேலை நடக்காது. நிழல் மரத்தில் கொப்பு கழிக்க, முள் ஒதுக்க, விறகு பிளக்க எல்லாவற்றுக்கும் அதுதான். அங்கே இருக்கிற மலையாளத்து ஆட்கள் வாக்கத்தி என்பார்கள். ஆளுக்கு ஒன்று இருந்தால் போதும். இவருக்குப் போதவில்லை. தபாலில் வரவழைத்தது, பட்டறையில் சொல்லி அடித்தது, எவனிடமோ கெஞ்சி வாங்கியது என்று அலமாரியின் ஒரு தட்டு முழுக்கக் கத்தி. பார்சல் வந்தால் அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போகும். எண்ணெய்த் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, நகத்தில் வைத்துக் கூர் பார்த்து. "இது வீடா, போலீஸ் ஸ்டேஷனா?" என்பேன். காதில் விழாது.

சரி, பேசட்டும் என்று விட்டாலும் விடமாட்டார். கேட்க ஆள் வேண்டும். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தால் எதிரே உட்கார்ந்துகொள்வார். "கெட்டி வேற, தாங்குறது வேற. முறுக்கு கெட்டிதான்? கீழ போட்டா என்ன ஆகும்?" நொறுங்கும் என்று நான்தான் சொல்ல வேண்டும். "ஆங்! டி-டூன்னு ஒரு ஸ்டீலு. கூர் போகவே போகாது, அது வாஸ்தவம். ஆனா காஞ்ச கட்டையில ஓங்கிப் போட்டியன்னா விளிம்பு பல்லுப் பல்லாப் பேந்துரும். மறுபடி தீட்டுறதுக்குள்ள தாவு தீந்துரும்." டென் நைன்ட்டி ஃபைவ் என்று இன்னொன்று. கூர் நன்றாக ஏறும், ஆனால் மலைப் பனியில் ஒரு ராத்திரி துடைக்காமல் வைத்தால் காலையில் துரு. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு எங்கே வந்து நிற்பார் என்று எனக்குத் தெரியும். லாரிச் சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக இருக்குமே ஸ்பிரிங் பட்டை, அதில் வந்து நிற்பார். தேனியில் பழைய இரும்புக் கடையில் அப்படி ஒரு பட்டையைத் தேடிப் பிடித்து, பட்டறையில் கூடவே நின்று அடிக்க வைத்த பெரிய கத்தி ஒன்று அவரிடம் இருந்தது. வளைந்தாலும் திரும்பி நிமிரும், ஓடைக் கல்லில் தேய்த்தாலே கூர் வரும் என்பார். அதற்கு மேல் உலகத்தில் கத்தி கிடையாது. கிடையாது என்றால் எதற்கு மிச்சத்தை வாங்கினீர்கள் என்று கேட்டால் மட்டும் எழுந்து போய்விடுவார்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை, கொல்லையில் உட்கார்ந்து அந்தப் பட்டைக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். கல்லில் இரும்பு உரசுகிற சத்தம் நின்றது. காப்பி வேண்டுமா என்று உள்ளிருந்து கேட்டேன். வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டபடி வெளியே வந்து பார்த்தேன். சுவரில் சாய்ந்திருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சும் வரவில்லை. நாம் சொல்வது அவருக்குப் புரியும், ஆனால் திருப்பிச் சொல்ல வார்த்தை அகப்படாது என்றார் டாக்டர். வருமா என்று கேட்டேன். வரலாம் என்றார். இந்த 'லாம்' இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கூடத்தில் கட்டில் போட்டுப் படுக்க வைத்தேன். அவர் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தார். பிறகு எப்போது பார்த்தாலும் ஃபேனைத்தான் பார்த்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. வரும் வரும் என்று நானும் பார்த்தேன். சோறு குழைய வடித்தேன், ஊட்டினேன், உடம்பு துடைத்தேன், திராட்சைக்கு மருந்தடிக்க ஆள் விட்டேன். பார்க்க வந்தவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் அவர்களுக்குக் காப்பி போட்டேன். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போட்டால் கன்னம் இருக்கிற இடமே தெரியாதே, அப்படித்தான் இருந்தது எனக்கு, நெஞ்சுக்குள்ளே. கல் நெஞ்சுக்காரி என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

தேனியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். எனக்கு மகள் வயதுதான் இருக்கும். வாரா வாரம் காரில் தூக்கிவைத்துக் கூட்டிப்போவேன். "அவங்களுக்குப் பிடிச்சதப் பத்திப் பேசிட்டே இருங்கம்மா. பதில் வராட்டியும் பேசுங்க. சில பேருக்கு யோசிச்சுப் பேச வராது, கோவத்துல திடீர்னு வந்துரும்" என்றாள்.

கோபமா? அது என் கைவசம் இருக்கிற தொழில். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவரைக் கோபப்படுத்த எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை.

அலமாரித் தட்டிலிருந்து கத்திகளை ஒவ்வொன்றாக எடுத்து வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொய் சொல்ல ஆரம்பித்தேன்.

"ஏங்க, நான் நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். ஸ்டெயின்லெஸ்தான் ஒசத்தி. துருவும் பிடிக்காது, பளபளன்னும் இருக்கு."

ஃபேன்.

"கெட்டியா இருக்கதுதான் நல்ல கத்தியாம்ல. எம்புட்டுக் கெட்டியோ அம்புட்டு ஒழைக்குமாம். போன்ல ஒருத்தன் சொல்றான்."

ஃபேன்.

"இந்தப் பட்டைக் கத்திய எடைக்குப் போட்டுட்டு அழகா மடக்குற கத்தி ஒண்ணு வாங்கிருவோமா?"

முன்பெல்லாம் இதில் ஒரு வரி போதும், அரை நாள் ஓடும். இப்போது கண் கூடத் திரும்பவில்லை. வாயால் சொன்னது போதாது என்று செய்தும் காட்டினேன். டி-டூ கத்தியை எடுத்து, அவர் கண் முன்னால் காய்ந்த புளியங்கட்டையில் ஓங்கிப் போட்டேன். அவர் சொன்னது போலவே விளிம்பு பல்லுப் பல்லாகப் பெயர்ந்தது. அதை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். பார்த்தார். மறுபடி ஃபேனுக்குப் போய்விட்டார். டென் நைன்ட்டி ஃபைவில் பலாப்பழம் அறுத்து, துடைக்காமல் ஈரத்தோடு ஜன்னலில் போட்டு, துரு ஏறியதும் கொண்டுவந்து காட்டினேன். அதற்கும் ஒன்றுமில்லை. எனக்கு ஆத்திரமாவது வந்ததா என்றால் அதுவும் வரவில்லை. துருவைத் தேய்த்து எண்ணெய் போட்டு எடுத்த இடத்தில் வைத்தேன்.

சொன்னால் சிரிப்பீர்கள். பொய் சொல்வதற்காக இவ்வளவு கத்தியைத் தூக்கித் தூக்கி எனக்கே ஒரு கட்சி உண்டாகிவிட்டது. அவருடைய கத்திகளில் பாதி வெட்டுகிற கத்தியே இல்லை. முதுகு அவ்வளவு தடிமன். கொப்பில் போட்டால் வெட்டாமல் ஆப்பு மாதிரி இறங்கிச் சிக்கிக்கொள்ளும். உடையக் கூடாது உடையக் கூடாது என்று பயந்து பயந்து தடித்த இரும்பாகப் பார்த்து வாங்கியிருக்கிறார் மனிதர். நாள் முழுக்கக் கொப்பு கழிக்கிறவனுக்கு மணிக்கட்டு என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டாமா? பட்டைக் கத்தி மட்டும்தான் விதிவிலக்கு. அதை முதுகில் தடிமனாக விட்டு விளிம்புப் பக்கம் மெல்லிசாக இழைத்து அடித்திருந்தார்கள். இதை அவரிடம் சொன்னேன். இது பொய் இல்லை, நிஜமாகவே கேட்க வேண்டும் போல் இருந்தது. "நான் சொல்றது சரிதான? சொல்லுங்க. தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க" என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அன்றோடு நான் கத்தியைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டேன். பயிற்சிக்குக் கூட்டிப்போவதையும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஆக்கினேன்.

சித்திரைக் கடைசியில் கொழுந்தனார் வந்தார். இவருக்கு ஒரே தம்பி. இவர் விழுந்ததிலிருந்து மேல் தோட்டத்தையும் சேர்த்து அவர்தான் பார்த்துக்கொள்கிறார். மழை பிடிப்பதற்குள் நிழல் மரங்களில் கொப்பு கழித்தாக வேண்டும். உட்கார்ந்தார், காப்பி குடித்தார், அண்ணன் காலைத் தொட்டுப் பார்த்தார், காலி டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல மதினி. அண்ணனோட அந்தப் பட்டைக் கத்தி சும்மாதான கெடக்கு. நம்ம கிட்ட இருக்கதெல்லாம் மழுங்கலு. இனிமே அண்ணே மேல வந்து..." டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க தப்பா நெனைக்காட்டி, நான் கொண்டுபோய் வச்சுக்கிறட்டுமா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அந்தக் கத்தி வாசல் தாண்டினால், இவர் இனி மலை ஏறப் போவதில்லை, பேசப் போவதில்லை என்று இந்த வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். அதுவரை யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய ஆள் நான். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, அதுதான் நிஜம். "அதுக்கென்ன, கொண்டுபோங்க" என்றேன். உப்பு கேட்டால் கொடுக்கிற குரலில் சொன்னேன்.

அலமாரியைத் திறந்து கத்தியை எடுத்தேன். கட்டில் பக்கத்தில் நின்றபடியே கொழுந்தனாரிடம் நீட்டினேன்.

எங்கள் பக்கத்தில் கத்தியைக் கையில் கொடுக்க மாட்டோம். கீழே வைப்போம், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கையிலிருந்து கைக்குப் போனால் அந்த இரண்டு பேருக்கும் ஜென்மப் பகை என்பார்கள். சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். நான் அதையும் மறந்து நீட்டிக்கொண்டு நிற்கிறேன். கொழுந்தனாருக்கு என் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் மாட்டாமல், வாங்கவும் மாட்டாமல், கை பாதியில் நின்றது. பிறகு மரியாதைக்காக வாங்கத்தான் வந்தது.

"கீழ... வை."

வாய் நிறையத் துணி அடைத்த மாதிரி ஒரு குரல். பக்கத்து வீட்டு டிவி என்றுதான் முதலில் நினைத்தேன். கொழுந்தனார் கையைச் சுட்டுக்கொண்டவர் போல இழுத்துக்கொண்டார். நான் திரும்பினேன். அவர் ஃபேனைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புருவம் நெறித்து, மூக்கு விடைத்து, அந்தப் பழைய கோபம். எத்தனை மாதமாக அதை எங்கெங்கே தேடினேன்! எந்தப் பொய்க்கும் வராதது இப்போது வந்து உட்கார்ந்திருந்தது.

நல்லவளாக இருந்தால் உடனே கீழே வைத்திருப்பேன். நான் வைக்கவில்லை.

"பிடிங்க தம்பி" என்று இன்னும் பக்கத்தில் நீட்டினேன்.

"மதினி, வேண்டாம் மதினி. அண்ணே சொல்றாகள்ல."

"என்ன சொன்னாக? எனக்கு ஒண்ணும் கேக்கல. பிடிங்க நீங்க."

கட்டில் கிரீச்சிட்டது. இடது கையால் கட்டில் சட்டத்தை ஓங்கி அடித்தார்.

"கீழ வைடீ!"

அடுத்த ஆள் முன்னால் என்னை 'வாடீ, போடீ' என்று கூப்பிட்டால் மூன்று வேளைக்கு அடுப்பு எரியாது, அது அவருக்கும் தெரியும், அவர் தம்பிக்கும் தெரியும். கொழுந்தனார் பயந்துபோய் என்னைப் பார்த்தார். எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூக்கு ஒழுகியது. கத்தியைத் தரையில் வைத்தேன். வைத்த இடத்திலேயே நானும் உட்கார்ந்துவிட்டேன்.

கொழுந்தனார் குனிந்து என்னையும் பார்த்தார், கத்தியையும் பார்த்தார். எடுக்கவில்லை.

"மதினி, அப்ப கத்திய நான்..."

"என்கிட்ட ஏன் கேக்குறீக?" என்று முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே கத்தினேன். "உங்க அண்ணே இந்தா இருக்காகல்ல. அவுககிட்டக் கேளுங்க."