மணம் இருந்த காலத்துப் பியர்

எனக்கு மூக்கு போய் இரண்டு வருடமாகிறது. காய்ச்சல் வந்தது, போனது, போகும்போது மணத்தையும் கொண்டுபோய்விட்டது. வரலாம், வராமலும் போகலாம் என்றார் டொக்டர். அதைச் சொல்ல ஒரு டொக்டர் எதற்கு? நாக்குக்கு இனிப்பு, கசப்பு, புளிப்பு, உப்பு தெரியும். மற்றபடி எனக்கு வெளுத்ததெல்லாம் பால்தான்.

மனைவிக்கு மட்டும்தான் சொன்னேன். சுவிஸின் ஆரா நகரத்தில் வீட்டில் பியர் காய்ச்சுகிற நாங்கள் ஏழு பேர், மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஒருவருடைய கராஜில் கூடுவோம். ஐந்து பேர் சுவிஸ்காரர். ஆறாவது ஆள், என்னை இதற்குள் இழுத்துவிட்ட யாழ்ப்பாணத்து அண்ணை. கொண்டுவந்ததை ஊற்றி, மோந்து, கதைப்பதுதான் அங்கே வேலை. மூக்கில்லாதவனுக்கு அங்கே என்ன அலுவல் என்று அவர்கள் கேட்கமாட்டார்கள். நான்தான் கேட்டுக்கொள்வேன். அதனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். மற்றவர்கள் சொல்லும்வரை காத்திருந்து, எனக்கும் அப்படித்தான் என்பேன்.

மறைக்க முடியாத ஒன்று வீட்டுக்குக் கீழே நிலவறையில், கெல்லரில் இருந்தது. காய்ச்சல் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், தமிழ்க்கடைப் பனங்கட்டி போட்டுக் காய்ச்சிய கறுத்தப் பியர், பன்னிரண்டு பெரிய போத்தல். அந்த மாதிரிக் கனத்த பியரை உடனே குடிக்கக் கூடாது. இரண்டு மூன்று வருடம் குளிரில் கிடந்தால் காரம் அடங்கிப் பதமாகும். நான் மோந்து மோந்து செய்த கடைசிச் சாமான் அது. அது நன்றாக வந்திருந்தால் நான் ஒரு காலத்தில் பியர் காய்ச்சத் தெரிந்தவன். வராவிட்டால் அதுவும் இல்லை. எனக்கு அது ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது.

போன இலையுதிர்காலத்தில், அந்தக் கறுத்தப் பியரைக் கொண்டு வா என்றார்கள். ஒரு போத்தலோடு போனேன். காய்ச்சிப் பதமாக்கியவனே முதலில் குடித்து, முதலில் சொல்லவேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக் கிளாஸ் முட்டினோம். குடித்தேன். பனங்கட்டி மணம் இன்னும் நிற்கிறது, பின்னால் உலர்ந்த முந்திரிகைப்பழம் வருகிறது என்று பஸ்சில் யோசித்து வைத்ததை டொச் என்கிற ஜெர்மன் பாஷையில் ஒப்புவித்தேன்.

எங்களில் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற பெண் கிளாசை மூக்கடிக்குக் கொண்டுபோய் அப்படியே இறக்கினாள். அண்ணை மடக்கென்று முழுவதையும் விழுங்கினார்.

"ஓம் தம்பி, நல்லாத்தான் கிடக்கு," என்றார். பிறகு அதையே டொச்சிலும் சொன்னார்.

அதன்பிறகு எல்லாரும் குடித்தார்கள், கிளாசில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல். சந்தோஷப்படவேண்டும் என்று தெரிந்தது. அது வரவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

போத்தலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீட்டில் மனைவி கழுவுவதற்காக அதைத் திறந்தாள்.

"ஐயோ, என்னப்பா இது? பூஞ்சணம் பிடிச்ச மட்டைப் பெட்டி மாதிரி நாறுது. இதையே அங்க குடுத்தனீங்கள்?"

"குடிச்சவை."

"எல்லாருமோ?"

"ஓம், எல்லாரும்."

அவள் தண்ணீரை நிறுத்தினாள். "அப்ப அவையளுக்குத் தெரியும்," என்றாள்.

அண்ணைக்குப் போன் அடித்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ முந்திரிகை எண்டு சொன்ன பிறகு நான் என்னத்தைச் சொல்லுறது? உனக்கு மணம் இல்லை எண்டது போன வருசமே தெரியும். கதைச்சுத்தான் விட்டனாங்கள், அவனாச் சொல்லட்டும் எண்டு."

ஒரு வருடமாக ஆறு பேரும் எனக்காக நடித்திருக்கிறார்கள். வெட்கம் வரவேண்டிய இடம், குறைந்தது ஆத்திரமாவது. பல் டொக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது எனக்கு.

"மூடியின்ரை ரப்பர் போயிருக்கும்," என்றார் அண்ணை. "ஒண்டு பழுதெண்டா எல்லாம் பழுதெண்டில்லை. மற்றதுகளையும் திறந்து பார்."

நான் திறந்து எதைப் பார்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு போத்தலையும் கெல்லரிலிருந்து குசினிக்குக் கொண்டுவந்தேன். கலியாண வீட்டில்கூட வைன் கிளாசைத் தொடாதவள் என் மனைவி. "ஆருக்குத் தெரியவேணும் இப்ப?" என்று முணுமுணுத்தாள். எனக்கு என்றேன். சரிதான் என்று ஒரு கிளாசை எடுத்தாள்.

ஒவ்வொன்றாகத் திறந்து ஊற்றிக் கொடுத்தேன். மோந்தாள், ஒரு மிடறு வாயில் வைத்தாள், துப்பினாள்.

"மட்டை."

அடுத்தது. "இதுவும்."

நான் ஒவ்வொரு போத்தலையும் சிங்குக்குள் கவிழ்த்தேன். கறுப்பாக நுரைத்துப் போனது. ஏழாவதுக்குப் பிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள், தலையை மட்டும் ஆட்டினாள். பத்தாவதில் கண்ணைத் துடைத்தாள். துப்பித் துப்பி வந்த கண்ணீராக இருக்கலாம். நான் கடைசிப் போத்தலைத் திறந்தேன்.

அதை நெடுநேரம் மோந்தாள். ஒரு மிடறு எடுத்தாள். துப்பவில்லை, விழுங்கினாள். பிறகு கிளாசில் இருந்த மிச்சத்தையும் விழுங்கினாள்.

"இது நல்லா இருக்கு," என்றாள். "என்ரை அம்மாவாணை, நல்லா இருக்கு."

நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். உண்மையோ என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அவள் என்ன சொன்னாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.