மேடத்திடம் நான் சொன்னது

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில், என் மகள் மனநல ஆலோசகர் படிப்பின் கடைசி வருஷத்தில், திண்டுக்கல்லை ஒட்டிய ஒரு மையத்தில் பயிற்சியில் இருந்தாள். பார்க்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் ரெக்கார்டு எழுத வேண்டும். பயிற்சிக்குப் பொறுப்பான மேடம் கையெழுத்துப் போட்டால்தான் பரீட்சை. மேடம் போடவில்லை. வத்தலக்குண்டில் பஸ்ஸைவிட்டு இறங்கி வீட்டுக்கு வருபவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். பத்தாம் வகுப்பிலும் இப்படித்தான் ஆரம்பித்தது.

நான் பள்ளிக்கூட கிளார்க். பிள்ளை படிப்பில் சுணங்கினால், பெற்றவர்கள் வந்து டீச்சரிடம் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிட்டுப் போவார்கள்; டீச்சரும் கொஞ்சம் இரங்குவார். அதைப் பார்த்துப் பழகியவள், மகளிடம் சொல்லாமல், ஒரு பை ஆயக்குடிக் கொய்யாவோடு மேடத்தைப் பார்க்கப் போனேன்.

"சொல்லுங்கம்மா" என்றார். அவ்வளவு இதமான குரல்.

"பத்தாவதுல ரெண்டு மாசம் யாரோடயும் பேசாமக் கெடந்தா மேடம். மதுரையில காட்டி மாத்திரை குடுத்தோம். பயந்த பிள்ளை. செத்த பாத்து நடத்துங்க."

அவர் குறித்துக்கொண்டார். அக்கறை என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை, பயிற்சிப் பிள்ளைகள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருக்க, மேடம் சொல்லியிருக்கிறார்: "இவளே ஒரு கேஸு. இவ கேஸு பாக்குறா!" எல்லோரும் சிரித்தார்களாம். அவர்கள் ரெக்கார்டும் கையெழுத்துக்காக மேடத்தின் மேசையில்தான் கிடந்தது. இனி வாராவாரம் அந்த இரண்டு மாதத்தைப் பற்றி அவள் வட்டத்தில் பேச வேண்டும், பேசினால்தான் கையெழுத்து என்றாராம் மேடம்.

"நீயாம்மா சொன்ன?" என்றாள் மகள்.

"உன் நல்லதுக்குத்தானடி..."

"அதையேதான் அவங்களும் சொல்றாங்க."

"நான் வந்து கேக்குறேன். வா, போவோம்."

"நீ வராத. வந்தா இன்னும் என்னத்தையாச்சும் சொல்லிட்டு வருவ."

அதன்பின் அவள் குளிக்கும்போது நான் கதவோரம் நிற்பேன். தண்ணீர்ச் சத்தம் நின்றால் தட்டிவிடுவேன்.

"சாகலம்மா, தலை துவட்டுறேன்" என்பாள் உள்ளிருந்து.

கையெழுத்து கிடைத்தது. பரீட்சை எழுதினாள். இப்போது வேறு ஊரில் வேலை. அந்தச் சனிக்கிழமைகளில் என்னவெல்லாம் சொல்லிக் கையெழுத்து வாங்கினாள் என்று எனக்குத் தெரியாது. போனில் அவள் குரல் சற்றே தாழ்ந்தாலும் இன்றும் பயந்து போனைக் காதோடு அழுத்திக்கொள்கிறேன். என்னடி என்று கேட்க வாய் வருவதில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால், அந்தப் பயத்தில் நான் யாரிடம் போய்ச் சொல்லிவிடுவேனோ.