சர்க்கரை போட்ட சிக்கன்

சிக்கனுக்குச் சர்க்கரை போடுவீர்களா நீங்கள்? போன ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில், எங்கள் அக்கா வீட்டில் போட்டோம். அதுவும் தாராளமாக!

காரணம், லின். அக்கா மகன் ஜெரோம் கப்பலில் வேலை பார்க்கிறான். வியட்நாமில் ஒரு துறைமுகத்தில் பழக்கமான பெண்தான் இந்த லின். கல்யாணத்துக்கு முன்னால் மாமியார் வீட்டைப் பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறாள். சிரித்த முகம். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவாள். ஆனால் சாப்பாடு...? பிரியாணியில் நாலு பருக்கை, தயிரில் அரை ஸ்பூன். அவ்வளவுதான்.

ஸ்டெல்லா அக்காவுக்குத் தூக்கமே போய்விட்டது. சமையலறையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்ததுலேர்ந்து ஒரு வாய் ஒழுங்கா துன்னலடி அந்தப் பொண்ணு. என் கையி சோறு எறங்கலன்னா இந்த வூட்ல எப்பிடி இருப்பா? என் புள்ளைய அங்கயே இட்டுகினு பூடுவா, பாரு!"

ஒரே பிள்ளை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

சரி, அவள் ஊர்ச் சாப்பாட்டையே செய்து போட்டால் என்ன? வீடியோ ஒன்றைத் தேடிப் பிடித்தேன். பூண்டு, மிளகு, எலுமிச்சைச் சாறு, லெமன் கிராஸ், சர்க்கரை, ஃபிஷ் சாஸ் — எல்லாவற்றையும் கோழித் தொடையில் பிசறி ஊற வைத்துச் சுட வேண்டும். லெமன் கிராஸுக்குப் பிரச்சினை இல்லை. டீயில் போடுவதற்காக என் மொட்டை மாடித் தொட்டியில் வளர்கிறது.

அக்கா சர்க்கரை டப்பாவைத் திறந்துவிட்டுத் தயங்கினாள்.

"இன்னாடி இது, கறியில சக்கரை? பாயசமா வெக்கறோம்?"

"வீடியோல அப்படித்தான்க்கா இருக்கு."

"கொஞ்சூண்டு மொளகாத்தூளு..."

"கூடவே கூடாது!"

மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்து என் பக்கம் வைத்துக்கொண்டேன். அவளை நம்ப முடியாது.

மாட்டிக்கொண்டது ஃபிஷ் சாஸில்தான். கடை கடையாக ஏறி இறங்கியும் கிடைக்கவில்லை. "அது இன்னா சாமான்?" என்றாள் அக்கா. நெத்திலியை உப்பில் போட்டு மாதக்கணக்கில் ஊற வைத்து வடிக்கிற தண்ணீர் என்று, படித்ததைச் சொன்னேன்.

அக்கா முறைத்தாள். "நெத்திலியா? இதுக்கா கடை கடையா சுத்துன?"

விறுவிறுவென்று பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு தூக்குவாளியோடு திரும்பினாள். திறந்தால்... நெத்திலிக் கருவாடு! வெளிநாட்டுப் பெண் வருகிறாள், வாசனை ஒத்துக்கொள்ளாது என்று வீட்டிலிருந்த கருவாட்டையெல்லாம் அங்கே கொடுத்து வைத்திருந்தாளாம். காசிமேட்டு மீனைத் தின்று வளர்ந்த குடும்பம், கருவாட்டை ஒளிக்கிறது! கௌரவம் என்று வந்துவிட்டால் நாம் முதலில் மறைப்பது நமக்கு ரொம்பப் பிடித்ததைத்தான் — கவனித்திருக்கிறீர்களா?

கருவாட்டைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க விட்டோம். வாசனை கிளம்பியது. ஹாலைத் தாண்டியது. "ஐயோ, ஜன்னலத் தொறடி!" என்று அக்கா பதறுவதற்குள் சமையலறை வாசலில் லின்!

நேராக அடுப்புக்கு வந்தாள். ஸ்பூனால் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து ஊதி, நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பின்னாலேயே வந்த ஜெரோமிடம் இங்கிலீஷில் படபடவென்று ஏதோ சொன்னாள். அவன் சிரிப்பை அடக்க முடியாமல் அம்மாவிடம் சொன்னான்:

"பக்கத்து வூட்லேர்ந்து டெய்லி இந்த வாசனை வருதாம்மா. நம்ம வூட்ல மட்டும் ஏன் செய்ய மாட்றாங்கன்னு நெனச்சிகினு இருந்தாளாம். கேக்க வெக்கமா இருந்துச்சாம்."

அக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். பின்னே? பத்திரமாக வைக்கச் சொன்ன கருவாட்டை அங்கே தினமும் வறுத்துத் தின்றிருக்கிறார்கள்!

அப்புறம் கரண்டி லின் கைக்குப் போய்விட்டது. கருவாட்டுத் தண்ணீரில் ஊறிய கோழி, தோசைக்கல்லில் ஓரமெல்லாம் கருகி, மினுமினுவென்று வெந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அபாரம்! லின் சோற்றைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கூடவே வறுத்த கருவாடு. அக்கா தான் சாப்பிடாமல், அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சந்தோஷத்தை நான் என்னவென்று எழுத?

இதுதான் சமயம் என்று நினைத்தானோ என்னவோ, ஜெரோம் மெல்ல ஆரம்பித்தான்.

"எம்மா... கல்யாணத்துக்கு அப்பறம் நாங்க ரெண்டு பேரும் அங்கயே பூடலாமான்னு பாக்கறோம்..."

அக்கா அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. லின் தட்டில் இன்னொரு துண்டை வைத்துக்கொண்டே சொன்னாள்:

"நீ வேணா போடா. அவ இங்க இருக்கட்டும்!"