ஓடுகிற பெல்ட்டில் கை வைக்காதவனின் இணையதளம்

என் இணையதளத்துக்கு நான் வைத்திருந்த நோக்கம் பெரியது: எங்கள் தெருவின் வரலாறு. நெய்வேலி நகரியத்தில் ஒரு பிளாக்கின் உட்புறம், எதிரெதிரே இரண்டு வரிசை குவார்ட்டர்ஸ். அவற்றில் எந்த வீட்டுக்கு எந்த ஆண்டு யார் குடிவந்தார், எப்போது ஓய்வுபெற்றுக் காலி செய்தார், தானே புயலில் எந்த வாசலில் எந்த மரம் சாய்ந்தது என்பதையெல்லாம் உலகம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று 2012இல் எனக்குத் தோன்றியது. உலகம் கேட்டதா என்பது வேறு விஷயம். தடித்தடியான வரலாற்று நூல்களைப் படித்துக் கெட்டுப்போனவர்களுக்கு இப்படியெல்லாம் தோன்றும்.

எனக்குத் தேதிப் பித்து உண்டு. வீட்டுக்கு மிக்சி வந்த நாளைக்கூடக் குறித்து வைத்திருக்கிறேன். இதை எழுதத் தொடங்கும்போது என் மனைவி எட்டிப்பார்த்து, "தேதி போடாம ஒரு பக்கம் எழுதுங்க பாப்போம்" என்றாள். சவாலை ஏற்றுக்கொண்டேன். ஆகவே வாசகர் பிழைத்தார்.

இணையத்தில் இடம் வாங்குவது சுலபமாக இருந்தது. வாங்கிய இடத்தில் குடித்தனம் நடத்துவதுதான் கடினம். முதல் மாதம், ஒரு வீட்டுக்காரர் குடிவந்த ஆண்டில் ஓர் இலக்கத்தைத் திருத்தினேன். திருத்திய இலக்கம் சரியாக வந்தது. ஆனால் பக்கத்தின் வலது ஓரத்தில் நின்றுகொண்டிருந்த பத்தி முழுவதும் சரிந்து, பக்கத்தின் அடியில் போய் விழுந்தது. இலக்கத்துக்கும் பத்திக்கும் என்ன உறவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைத் தூக்கி நிறுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. அன்று ஒரு முடிவு எடுத்தேன்: ஓடுகிற இயந்திரத்தில் இனிக் கை வைப்பதில்லை.

இது என் சொந்த ஞானம் அல்ல, வேலை சொல்லிக் கொடுத்தது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் இருந்தேன். பெல்ட்டை நிறுத்திவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். இறங்குவதற்கு முன், சுவிட்சில் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிட வேண்டும். அதில் நம் பெயர் இருக்கும், பிரிவு இருக்கும். அதை டேக் என்போம். டேக்கைப் போட்டவர்தான் எடுக்க வேண்டும். அதிகாரியே வந்தாலும் தொடமாட்டார். உள்ளே ஓர் ஆள் இருக்கிறார் என்பதுதான் அதன் அர்த்தம்.

இணையதளத்திலும் அப்படி ஒரு வசதி இருப்பதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை வேறு தொழில்காரர்களுக்கு விளக்க முடியாது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். வருகிறவர்களுக்குத் தளத்துக்குப் பதிலாக ஓர் அறிவிப்பு மட்டும் தெரியும். உள்ளே வேலை செய்கிற எனக்கு எல்லாம் வழக்கம்போலத் தெரியும். இதைச் செய்தவன் எங்காவது ஒரு சுரங்கத்தில் வேலை பார்த்தவனாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அறிவிப்பைச் சிவப்பு நிறத்தில் அமைத்தேன். "பராமரிப்புப் பணி நடைபெறுகிறது. அனுமதியின்றி இயக்க வேண்டாம்." கீழே என் பெயர், பிரிவு. அதன்பிறகு ஒரு காற்புள்ளியை மாற்றுவதென்றாலும் டேக் போட்டுவிட்டுத்தான் மாற்றினேன். வேலை முடிந்ததும் எடுத்துவிடுவேன். மனைவி ஒருநாள் பார்த்துவிட்டு, "ஹெல்மெட்டையும் போட்டுக்குங்க" என்றாள்.

இந்த நிலையில்தான் பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் ஓய்வுபெறும் மாதம் வந்தது. அக்காவுக்குக் குறிஞ்சிப்பாடி பக்கம் ஊர். ஊரில் வீடு கட்டி முடித்துவிட்டார்கள். போவதற்குள், முன்பு இந்தத் தெருவில் இருந்தவர்களை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு ஒரு சாப்பாடு போட வேண்டும் என்பது அவர் ஆசை. ஒருநாள் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன். எதிர் வூட்டுக்காரி நம்பருதான் போவ மாட்டேங்குது. மாத்திட்டா போலருக்குது. அவ புள்ள உங்க கம்ப்யூட்டர் இதைப் படிக்கிறான்னு சொன்னீங்களே. அதுல போட்டா அவ காதுக்குப் போவுமா?"

எதிர் வீட்டம்மா, எங்கள் பெல்ட் பிரிவிலேயே இருந்த கணவர் ஓய்வுபெற்றதும் நாகர்கோவில் பக்கம் போய்விட்டவர். அவருடைய மகன் என் தளத்தில் ஒருமுறை, "அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், சந்தோஷப்பட்டாங்க" என்று எழுதியிருந்தார். எனக்கு வந்த முதல் பின்னூட்டம் அது. தெரு முழுவதும் சொல்லிவிட்டிருந்தேன். அவர் மின்னஞ்சல் முகவரி என்னிடம் இல்லை. முகவரி கேட்டால் வாசகர் ஓடிவிடுவார் என்று அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டிருந்தேன்.

"போவுமாவா? நாளைக்கே போயிடும்க்கா" என்றேன்.

"ரெண்டு பேரும் ஒரே வாரத்துல குடிவந்தோம் தம்பி. என் புள்ளைக்கு மொத சோறு அவ வூட்டுதுதான். அவளப் பாக்காம இந்த வூட்டு சாவியக் குடுத்துட்டுப் போவ எனக்கு மனசு வரல."

அன்று மாலையே டேக்கைப் போட்டுவிட்டு வேலையில் இறங்கினேன். ஒரு சாதாரண ஆள், "இன்ன ஞாயிறு சாப்பாடு, எல்லாரும் வாருங்கள், வருவதைக் கீழே எழுதுங்கள்" என்று மூன்று வரி எழுதி எழுந்துபோயிருப்பான். நான் அந்த மூன்று வரிக்கு மேலே அந்த வீட்டின் வரலாற்றை எழுதினேன். வடலூரில் இறங்கி எந்தப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று எழுதினேன். தெருவின் வரைபடத்தை நானே வரைந்து சேர்த்தேன். அதில் தண்ணீர்த் தொட்டி தவறான பக்கம் இருந்ததால் மீண்டும் வரைந்தேன். பழைய படங்களைத் தேடி ஏற்றினேன். நாள்தோறும் ஒரு திருத்தம். டேக்கை எடுக்க மறந்துவிட்டேன் என்பது இதன் சுருக்கம். வேலை இன்னும் முடியவில்லையே என்று ஏதோ ஒரு மூலையில் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது முழு உண்மை. என் திரையில் பக்கம் அழகாகத் தெரிந்தது. எனக்குத் தெரிவது எல்லோருக்கும் தெரியும் என்று நம்புவது எனக்குப் புதிதல்ல.

தளத்தின் அடியில் வருகையாளர் எண்ணிக்கை காட்டும் சிறு கட்டம் ஒன்று உண்டு. அது மளமளவென்று ஏறியது. மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன்.

"இத்தனை பேரும் உங்க மாதிரியே மூக்குக்கண்ணாடி போட்டிருப்பாங்க போல" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. யாரும் பின்னூட்டம் எழுதவில்லையே என்ற குறை மட்டும் இருந்தது. அதற்கும் காரணம் வைத்திருந்தேன். அந்த ஆண்டு தமிழ்நாடு முழுவதும் கடும் மின்வெட்டு. நகரியத்தில் எங்களுக்கு விளக்கு அணையாது. வெளியூரில் இருப்பவர்கள் பாவம், கரண்ட் இருக்கும் நேரத்தில் படித்து முடிப்பதே பெரிது, எழுதவும் முடியுமா? மற்றவர்களின் இருட்டுக்காக நான் மனமிரங்கினேன்.

அக்கா இரண்டு நாளைக்கு ஒருமுறை மதிலோரம் வந்து கேட்பார். "எதுனா சேதி வந்துச்சா தம்பி?"

"படிச்சுக்கிட்டுதான் இருக்காங்கக்கா. கூட்டம் நல்லாவே வருது."

"கூட்டத்த வச்சிக்கினு நான் என்னா பண்ணப்போறேன்? அவ ஒருத்தி வந்தா போதும்."

ஞாயிறு நெருங்கிய வாரத்தில், சேலத்திலிருந்து என் பழைய சகா ஒருவர் பேசினார். பெல்ட்டில் என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவருக்கும் அழைப்பு போயிருந்தது.

"வடலூர்ல எறங்குனா பஸ்ஸு கிடைக்குமுங்களா?"

"வழி எல்லாம் சைட்டுல போட்டிருக்கேனே சார். பாக்கலியா?"

"எங்கீங்க பாக்கறது? எப்ப போனாலும் உங்க டேக்குதான் தொங்குது."

நாற்காலியில் உட்கார்ந்தேன். "சார், அதை ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே."

"நல்லா கேட்டீங்க போங்க. டேக்குல உங்க பேரு இருக்குது. நீங்க பெல்ட்டுக்குள்ள இருக்கறப்ப, வெளிய நின்னுக்கிட்டு எப்ப முடிப்பீங்க, எப்ப முடிப்பீங்கன்னு கேக்கலாமுங்களா? முப்பது வருசம் அப்படியா வேலை பாத்தோம்?"

போனை வைத்தேன். கணினிக்குப் போய், முதன்முறையாக என் தளத்திலிருந்து வெளியேறி, வழிப்போக்கனாக உள்ளே நுழைந்து பார்த்தேன். சிவப்பு நிறத்தில் என் பெயர் என்னைத் தடுத்து நிறுத்தியது. ஏறிய எண்ணிக்கை முழுவதும் நான்தான் என்பதும் அப்போதுதான் விளங்கியது. டேக்கை எடுத்தேன். அக்காவிடம் சொல்லப் போனேன்.

அவர் எவர்சில்வர் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். நான் இயந்திரம், பொத்தான், அறிவிப்பு என்று நீளமாக விளக்கினேன். முழுவதையும் கேட்டார்.

"அப்போ அவளுக்குச் சேதியே போவல."

"இப்பத்தான் போயிருக்குக்கா."

"சரி தம்பி" என்று சொல்லிவிட்டுச் சாக்கின் வாயைக் கட்டினார். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு நன்றாக நடந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் என்னிடம் தனித்தனியாக, "என்ன சார், மெயின்டனன்ஸ் முடிஞ்சுதா?" என்று கேட்டார்கள். அத்தனை பேரும் டேக்கைப் பார்த்திருக்கிறார்கள். அத்தனை பேரும் ஒழுங்காகத் திரும்பிப் போயிருக்கிறார்கள். பாதுகாப்பு விதி இவ்வளவு கச்சிதமாகக் கடைப்பிடிக்கப்பட்டதை நான் சுரங்கத்தில்கூடப் பார்த்ததில்லை. தெருவில் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்கா பரிமாறுவதை நிறுத்தி வாசலைப் பார்த்தார். நான் பாயசத்தைப் பார்த்தேன்.

மாலையில் வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால் ஒரு பின்னூட்டம். "இன்றுதான் பார்த்தோம். அம்மா நாளை ரயில் ஏறுகிறார்கள். செவ்வாய் காலை வந்துவிடுவார்கள். அக்கா வீட்டைக் காலி செய்துவிட வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்கள்." செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு லாரி பேசியிருந்தது. பின்னூட்டத்தைத் தாளில் எழுதிக்கொள்ளாமல் அப்படியே அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

செவ்வாய் காலை எதிர் வீட்டம்மா ஆட்டோவிலிருந்து இறங்கினார். பையைக் கீழே வைப்பதற்கு முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"எக்கா, மவன் ரெண்டு வாரம் முன்னயே சொன்னான், சார் சைட்டுல வேலை நடக்குன்னு போட்டிருக்காருன்னு. நாந்தான், அவரு முடிக்கட்டும், அதுவரைக்கும் போவாதலே, அது டேக்குல்லான்னேன்."

"அதான பாத்தேன். நீயும் பெல்ட்டுக்காரன் பொண்டாட்டிதான" என்றார் அக்கா. எதிர் வீட்டம்மாவின் பையை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தார்.

வீட்டில் அடுப்பு இல்லை, பாத்திரம் இல்லை. என் மனைவி சாம்பார் சாதம் கொண்டுபோய்க் கொடுத்தாள். மூட்டைகளுக்கு நடுவே வெறும் தரையில் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டார்கள். பிறகு வாசல் கேட்டின் முன் நிற்கவைத்துப் படம் எடுத்தேன். மகனுக்குக் காட்ட வேண்டும், உடனே போடுங்கள் என்றார் எதிர் வீட்டம்மா. இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள்.

பழக்க தோஷம், கை அந்தப் பொத்தானை நோக்கிப் போனது.

"தம்பி, மறுபடியும் மூடிப்புடாதீங்க" என்றார் அக்கா.

ஓடுகிற பெல்ட்டில் கை வைப்பதுபோலத்தான் இருந்தது. படத்தை ஏற்றினேன். அதில் அக்கா கண்ணை மூடியிருந்தார். வேறு படம் போடச் சொன்னார்கள். அதையும் தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றினேன். இரண்டாவது படம் வந்து நின்றதும், வலது ஓரத்துப் பத்தி சரிந்து பக்கத்தின் அடியில் போய் விழுந்தது.

அவர்கள் அதைக் கவனிக்கவில்லை. "நீ கொஞ்சம் எளச்சிட்ட" என்று ஒருவரும், "ஒனக்கு முடி ரொம்ப நரைச்சுப்போச்சேக்கா" என்று இன்னொருவரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். பத்தியை விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டு மூட்டை தூக்கப் போனேன்.