நோயாளியை இறக்கி வைத்தால் பத்து மார்க்

சகோதரிகளே, சாட்சி சொல்ல எழுந்திருக்கிறவர்கள் முதலில் தங்களைத் தாழ்த்திப் பேசுவது வழக்கம். எனக்கு அது வராது. நான் கோபக்காரி. அறந்தாங்கியில் என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுத்து, ஒரு நாள் முன்னதாக வந்து கேட்டவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். ஆண்டவருக்கும் தெரியும். அவரோடு நான் பதினாலு வருஷம் கோபமாக இருந்தேன். அந்தக் கோபத்தோடேயே சபைக்கு வந்தேன், கீர்த்தனை பாடினேன், மாதர் சங்கத்துக்குச் செயலாளராகவும் இருந்தேன். ஜெபிக்கச் சொன்னால் எழுந்து அழகாக ஜெபிப்பேன். அதில் ஒரு வார்த்தையும் என் உள்ளத்திலிருந்து வந்ததில்லை.

காரணம் சொல்கிறேன். நாற்பத்திரண்டில் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு, கப்பலில் இடம் கிடைக்காத ஜனங்கள் நடந்தே இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். அதில் நாங்களும் இருந்தோம். நான், என் வீட்டுக்காரர், இரண்டு வயது ரூத். வாரக்கணக்காக நடந்தோம். மலைப்பாதையில் அவருக்கு வாந்திபேதி கண்டது. வழியில் ஒரு மூங்கில் கொட்டகை இருந்தது. அதில் படுக்க வைத்தேன். கூட வந்த கூட்டம் நிற்கவில்லை. தனியாகப் பின்தங்கினால் சோறும் கிடையாது, துணையும் கிடையாது. "பாப்பாவைத் தூக்கிக்கிட்டு நீ போ" என்று அவரே சொன்னார். நான் மாட்டேன் என்றேன். குரல் போன நிலையிலும் என்னை அதட்டினார்.

எங்களிடம் மிஞ்சியிருந்த பாத்திரம் ஒரே ஒரு பித்தளைச் செம்பு. எங்கள் கல்யாணத்துக்கு என் அப்பா பேர் வெட்டிக் கொடுத்தது. அதில் தண்ணீர் நிரப்பி அவர் தலைமாட்டில் வைத்தேன். அங்கேயே முழங்கால் போட்டு ஒரு ஜெபம் செய்தேன். "ஆண்டவரே, இவர் பிழைக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. தனியாகச் சாகக் கூடாது. யாரையாவது அனுப்பும்." அவ்வளவுதான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன். யாரும் அந்தக் கொட்டகைக்குள் போகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. கழுத்தில் தாலி இருந்தது. அதைப் போட்டுக்கொள்வதா கழற்றுவதா என்று எனக்கே தெரியாது. ஒரு முறை கிறிஸ்துமஸ் விருந்தில் யாரோ பர்மாத் தேக்கைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள். நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து போனேன். அன்றிலிருந்து சபையில் என் காதுபட ஒருத்தரும் பர்மா என்ற வார்த்தையைச் சொல்வதில்லை. புதிதாக வருகிறவர்களிடமும் முதலிலேயே சொல்லி வைத்துவிடுவார்கள், டெய்லரக்கா முன்னால் அந்தப் பேச்சை எடுக்காதே என்று. அது என்மேல் அவர்கள் வைத்த அன்பு. கொஞ்சம் பயமும்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன தை மாதம், அறுப்பு முடிந்த சமயம், நம் பாஸ்டரம்மா திருச்சியில் நடந்த மாதர் கூடுகைக்குப் போய்விட்டு ஒரு தாளோடு வந்தார்கள். 'காட்டில் தப்பிப் பிழைத்தல்' என்று ஒரு விளையாட்டு. பௌர்ணமியை ஒட்டிய சனிக்கிழமை சாயங்காலம், கோயில் வளாகத்தையே காடாக வைத்துக்கொண்டு, நம் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விளையாட வேண்டும். புடவையால் கூடாரம் கட்ட வேண்டும். செங்கல்மேல் கால் வைத்து ஆற்றைக் கடக்க வேண்டும். மூன்றே தீக்குச்சியில் அடுப்பு மூட்ட வேண்டும். ஜெயிக்கிற கட்சிக்கு ஆளுக்கொரு சோப்புப் பெட்டி.

தாளைப் பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காட்டில் தப்பிப் பிழைத்ததை இவர்கள் எனக்குச் சொல்லித் தரப் போகிறார்களா? ஆனாலும் செயலாளர் நான். வாயை மூடிக்கொண்டு நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கமிட்டி கூடியது. ஆளுக்கு ஐந்து சாமான்தான் எடுத்துப் போகலாம், என்ன எடுப்பது என்று பேச்சு வந்தது. அன்றைக்கு எழுந்த சிரிப்பு வீதி வரைக்கும் கேட்டிருக்கும்.

"மொதல்ல பூட்டு எழுதுங்கக்கா" என்றாள் ஒருத்தி.

"காட்டுல எந்தக் கதவுக்குடி பூட்டு?"

"வீட்டைப் பூட்டாம எப்புடிக்கா காட்டுக்குப் போறது?"

இன்னொருத்தி இட்லிக் கொப்பரையை விடமாட்டேன் என்றாள். அரிவாள்மனை வேண்டும் என்றாள் வேறொருத்தி. பாஸ்டரம்மா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். பூட்டு. கொப்பரை. அரிவாள்மனை. வெறுங்கையால் ஓடைத் தண்ணீரை அள்ளிப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுத்தவள் எழுதுகிறேன், இட்லிக் கொப்பரை என்று.

அப்புறம் பாஸ்டரம்மா தாளைப் பார்த்து அடுத்த விதியை வாசித்தார்கள். "ஒவ்வொரு கட்சியிலும் ஒருத்தர் நோயாளி. அவரை ஜமுக்காளத்தில் வைத்து நாலு பேர் தூக்கி வர வேண்டும். பாரம் தாங்காமல் நோயாளியை வழியில் இறக்கி விட்டுவிட்டு வந்தால் பத்து மார்க் குறையும். எழுதிக்கம்மா சலோமி."

நான் எழுதவில்லை.

"பத்து மார்க்கா?" என்று கேட்டேன்.

"ஆமாம்மா. அதிகமாத் தெரியுதா? வேணும்னா அஞ்சாக் கொறைச்சிக்கலாம்."

அந்த அம்மா என்ன நினைத்துச் சொன்னார்களோ, பாவம். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அந்தத் தாளை அவர்கள் கையிலிருந்து பிடுங்கி நாலாகக் கிழித்தேன். "ஒங்களுக்கெல்லாம் இது வெளையாட்டு. எறக்கி வச்சிட்டு வந்தவ எவளையாச்சும் கேட்டுப் பாருங்க, எத்தன மார்க் கொறையும்னு!" என்று கத்தினேன்.

"சலோமி, வெளையாட்டுத்தானம்மா..." என்றார்கள். அதற்குமேல் அங்கே நின்றிருந்தால் இன்னும் என்னவெல்லாம் பேசியிருப்பேனோ. நோட்டை வீசிவிட்டு நேரே கோயிலுக்குள் போனேன்.

உள்ளே யாரும் இல்லை என்றுதான் நினைத்தேன். முழங்கால் போடவில்லை. பீடத்துக்கு முன்னால் நின்றபடியே சண்டை போட்டேன். அதை ஜெபம் என்று சொல்லலாமா என்று பாஸ்டர் ஐயாதான் சொல்ல வேண்டும். "நான் உம்மிடம் பொன் கேட்டேனா, வீடு கேட்டேனா? ஒரே ஒரு ஆளைத்தானே அனுப்பச் சொன்னேன்! அனுப்பினீரா இல்லையா? இன்றைக்குச் சொல்லும். தேவசகாயம் தனியாகத்தான் செத்தாரா?"

சகோதரிகளே, கல்யாணமான நாளிலிருந்து என் வாயால் என் புருஷன் பேரைச் சொன்னதில்லை. நம்மில் யார் சொல்கிறோம்? ஜெபத்தில்கூட அவர், ரூத்துடைய அப்பா, இப்படித்தான். ஆத்திரத்தில் அன்றைக்குத்தான் அந்தப் பேர் முதல்முதலாக என் வாயில் வந்தது.

பின்னால் துடைப்பச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அது நின்ற பிறகுதான் நான் கவனித்தேன். கோயில் பெருக்குகிற ஞானம்மா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் கோயில் வேலைக்கு வந்தாரே அந்தோணி, அவருடைய சம்சாரம். கோயிலுக்குப் பின்னால்தான் அவர்கள் வீடு.

"என்னாடி பாக்குற? போய் வேலையப் பாரு" என்று அவள்மேலும் பாய்ந்தேன்.

அவள் போகவில்லை. துடைப்பத்தைக் கீழே போட்டாள். "அக்கா, ஒங்ககிட்ட பர்மா பேச்சே எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. நானும் நடந்து வந்தவதான்" என்றாள். "மலையில ஒரு மூங்கிக் கொட்டகையில ஒரு அண்ணன் கெடந்தாங்க. பேரு தேவசகாயம்னு சொன்னாங்க. அப்ப எனக்கு வேதமெல்லாம் தெரியாது. சாமி பேரு மாதிரி இருக்கேன்னு மனசுல நின்னுபோச்சு."

பெஞ்சியைப் பிடித்துக்கொண்டேன். உடனே நம்பினேன் என்று நினைக்காதீர்கள். "பொய் சொன்னா நாக்கு அழுகிப் போகும்" என்றேன். கர்த்தருடைய ஆலயத்தில் நின்று நான் சொன்ன வார்த்தை அது.

அவள் வெளியே ஓடினாள். திரும்பி வரும்போது கையில் ஒரு செம்பு. ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. வாங்கிக் கழுத்தடியில் விரலை வைத்தேன். பார்க்கவே வேண்டாம், விரலுக்குத் தெரிந்தது. சலோமி தேவசகாயம் என்று என் அப்பா வெட்டிய எழுத்து. ஞானம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

"திருடலக்கா" என்று அழுதாள். "எங்கப்பனுக்குக் காலு வீங்கி நடக்க முடியல. அன்னைக்கிச் சாயங்காலம் அந்தக் கொட்டகையிலதான் ஒதுங்குனோம். அந்த அண்ணனுக்கு இந்தச் செம்பாலதான் தண்ணி ஊத்துனேன். ஒரு கீர்த்தனை பாடும்மான்னு கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சது நடவுப் பாட்டுத்தான். அதப் பாடுனேன். வெரலால தாளம் போட்டாங்க. விடியிற நேரத்துல என் கையப் புடிச்சுக்கிட்டே போயிட்டாங்க. எங்கப்பனும் நானும் குழி பறிச்சு மூடிட்டுத்தான் வந்தோம்."

"என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டேன். அதைக் கேட்கத்தான் பதினாலு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தேன்.

"இன்னைக்கிக் காலையிலதான் போனா, நாந்தான் போகச் சொன்னேன்னு சொன்னாங்கக்கா. பெறவு இந்தச் செம்பக் காட்டி, 'என் வீட்டுக்காரி தண்ணி மோந்து குடிக்க ஒரு ஏனம் இல்லாமப் போறா. ஒனக்காச்சும் இருக்கட்டும், எடுத்துக்க'ன்னாங்க."

நான் சத்தம் போட்டு அழுதேன். கமிட்டிப் பெண்கள் எல்லாரும் வாசலில் வந்து நின்றார்கள். யாரும் உள்ளே வரத் துணியவில்லை.

ஆண்டவர் பதில் சொல்லவில்லை என்று எத்தனை வருஷம் அவரோடு மல்லுக்கு நின்றேன்! நான் கேட்ட அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள் அவர் ஆள் அனுப்பியிருக்கிறார். அந்த ஆளையே இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் கோயிலுக்கும் கொண்டுவந்து விட்டிருக்கிறார். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் ஞானம்மா வாசலில் நின்று, "வீட்டுல வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்கக்கா" என்று கூப்பிடுவாள். நான் ஒரு நாளும் போனதில்லை. ஏன் போகவில்லை? நேரமில்லை என்று சொல்லலாம். அது பொய். கோயில் பெருக்குகிறவள் வீட்டில் எனக்கென்ன தண்ணீர் என்ற எண்ணம்தான். போயிருந்தால் அந்தச் செம்பில்தான் கொடுத்திருப்பாள். அவள் வீட்டில் வேறு செம்பு கிடையாது.

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் இந்தத் தடவை யார்மேல் என்று எனக்குத் தெரியும்.

விளையாட்டு நிற்கவில்லை. நான் கிழித்த தாளை நானே ஒட்டினேன். பாஸ்டரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர்கள் என்னைக் கட்டிக்கொண்டார்கள். ஒரு விதியை மட்டும் நான் மாற்றி எழுதினேன், ஒருத்தரும் மறுக்கவில்லை. நோயாளியை இறக்கி வைக்கலாம், மார்க் குறையாது. ஆனால் ஒருத்தர் கூடவே உட்கார்ந்துவிட வேண்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் பெட்ரோமாக்ஸ் விளக்கு வைத்து விளையாடினோம். என் கட்சிக்குப் பாஸ்டரம்மாதான் நோயாளி. அவர்களைத் தூக்குவது லேசான காரியமில்லை என்று உங்களுக்கே தெரியும். செங்கல் ஆற்றைத் தாண்டியதும் ஜமுக்காளம் கிழிந்தது. கீழே இறக்கினோம். "நீங்க போங்கடி" என்று மற்றவர்களைத் துரத்திவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அங்கிட்டு ஒரே கூச்சலும் கும்மாளமும். இங்கிட்டு நாங்கள் இரண்டு பேர். ஞானம்மா எதிர்க் கட்சி. அவள் ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். குடித்தேன். வேடிக்கை பார்க்க வந்திருந்த ரூத்தைக் கூப்பிட்டு அவளுக்கும் கொடுத்தேன். அவளுடைய அப்பாவைப் பற்றி அன்றைக்குத்தான் அவளிடம் வாய் திறந்து பேசினேன். எங்கள் கட்சி தோற்றுப்போனது.

மறு வாரம் ஆராதனையில் பாஸ்டர் ஐயா அவருக்காக நினைவு ஜெபம் செய்தார். தாலியைக் கழற்றி வீட்டில் பத்திரமாக வைத்தேன். செம்பை ஞானம்மா திருப்பிக் கொடுத்தாள், நான் வாங்கவில்லை. அது அவர் அவளுக்குக் கொடுத்தது. எனக்குத் தாகம் எடுத்தால் அவள் வீட்டுக்குப் போய்க் குடித்துக்கொள்கிறேன். இப்போது தினமும் போகிறேன்.

சகோதரிகளே, உங்களில் யாருக்காவது பதில் வராத ஜெபம் இருந்தால் விடாதீர்கள். கோபம் வந்தால் கோபமாகவே கேளுங்கள், நம் ஆண்டவர் அதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவர் இல்லை. கேட்டுவிட்டு எழுந்து போய், இதுவரைக்கும் நீங்கள் தண்ணீர் வாங்கிக் குடிக்காத வீடு எது என்று பார்த்து, அந்த வீட்டு வாசலில் நில்லுங்கள். கூப்பிட்டால் உள்ளே போங்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.