கிட்டங்கிக்குள் அடித்த மணிக்கூடு

வாப்பா மௌத்தானபோது எனக்கு ஒன்பது வயது. மாத்தளையில் கடைத்தெருவுக்குப் பின்னால், ஓர் ஒழுங்கையில், வாடகை வீட்டில் இருந்தோம். இரண்டு அறை, ஒரு குசினி, முன்னால் சின்ன விறாந்தை. மழை பெய்தால் குசினிக்குள்ளும் கொஞ்சம் பெய்யும். ஆனாலும் அந்த வீட்டை விட்டுப் போக எனக்கு மனமே இல்லை.

உம்மா இத்தா இருந்தார். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் அந்த வீட்டைவிட்டு வெளியேறாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கவேண்டும். அதனால் அதுவரைக்கும் எங்களை யாரும் வீட்டை விட்டு எழுப்ப முடியாது. அதற்குப் பிறகு வாடகைக்கு என்ன செய்வது என்பதுதான் வீட்டில் எல்லோரும் பேசாமல் பேசிய பேச்சு.

வீட்டுக்காரரை ஹாஜியார் என்றுதான் ஊரில் சொல்வார்கள். மிளகும் கொக்கோவும் வாங்கி விற்பவர். மூட்டைகளை அடுக்கிவைக்கும் அவருடைய கிட்டங்கிக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே சுவர்; இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். சாரத்தின் மேல் அகலமான பச்சை பெல்ட் கட்டியிருப்பார். அதில் கிட்டங்கிச் சாவி தொங்கும். அதை அவர் மனைவியிடம்கூடக் கொடுப்பதில்லை. குளிக்கும்போதும் பெல்ட்டை எதிரே மாட்டிவைத்து, அதைப் பார்த்துக்கொண்டேதான் சவர்க்காரம் போடுவார் என்று ஒழுங்கையில் சொல்லிச் சிரிப்பார்கள். இரும்புக் கடைக்காரர் ஒருவர் எங்கள் வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். "இத்தா முடியட்டும், பொறகு பேசுவம்" என்று ஹாஜியார் தன் மனைவி மூலம் சொல்லியனுப்பியிருந்தார். உம்மா அன்று சோற்றைத் தொடவில்லை.

மாமா உம்மாவின் தம்பி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தார். துணியை வெட்டுவதைவிடத் திட்டம் போடுவதில் அவருக்கு ஆசை அதிகம். அவர்தான் உம்மாவுக்காகப் பிச்சைச் சம்பளத்துக்கு விண்ணப்பம் போட்டார். கதியற்றவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுத்த உதவிப்பணத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பெயர் வைத்த புண்ணியவான் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். அந்தப் பெயரைக் கேட்டே உம்மா அழுதார். "பேர்ல என்ன ராத்தா இரிக்கி? அது வாடகைக்குச் சரி. அரிசி பருப்ப நான் பாத்துக்கிறேன்" என்றார் மாமா.

விசாரிக்க ஒரு உத்தியோகத்தர் வருவார் என்று தெரிந்ததும் மாமாவுக்குப் பெரிய திட்டம் ஒன்று உதித்துவிட்டது. வீட்டில் நல்ல சாமான் எதைக் கண்டாலும் இவர்கள் ஏழை இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்களாம். யாரோ ஒருவர் வீட்டில் கண்ணாடி வைத்த அலுமாரியைக் கண்டுவிட்டு அப்படித்தான் எழுதினார்களாம். ஆகவே உத்தியோகத்தர் வரும் நாளன்று, விடியற்காலையில் சுபஹ் தொழுத கையோடு மாமாவும் அவர் கடைப் பையன்களும் வந்தார்கள். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பி வந்து பார்த்தபோது அலுமாரி இல்லை. கதிரைகள் இல்லை. வாப்பாவின் மணிக்கூடும் இல்லை. அது தொங்கிய இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக இருந்தது. அந்த மணிக்கூடு எப்போதும் ஒன்றைக் கூட்டித்தான் அடிக்கும். ஒன்பது மணிக்குப் பத்து அடிக்கும். வேகம் ஏறிப்போன மாமா கடைசியில் குசினிச் சட்டிகளையும் படுக்கும் பாய்களையும்கூட விட்டுவைக்கவில்லை.

"எங்க மாமா கொண்டு வச்சீங்க?"

"பத்திரமான எடத்துல. நீ வாயத் தெறக்காம இரி."

உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த மனிதர், கையில் குடை. வந்ததும் வராததுமாக, தனக்குப் பல்லேகம பஸ்ஸைப் பிடிக்கவேண்டும், அதைத் தவறவிட்டால் அன்றைக்கு லக்கல பக்கம் போகவே முடியாது என்றார். உட்கார இடம் தேடினார். வீட்டில் அப்படி ஒன்று இல்லை. குசினியை எட்டிப் பார்த்தார். அடுப்புச் சாம்பலைத் தவிர அங்கே எதுவும் இல்லை. அவருடைய முகம் இளகும் என்று மாமா காத்திருந்தார். அது இறுகியது.

"இஞ்ச ஒருத்தரும் குடியிருக்கிற மாதிரித் தெரியேல்லையே. விண்ணப்பகாரி எங்க?"

உள்ளறை வாசலில் தொங்கிய பழைய சேலைத் திரையை மாமா காட்டினார். இத்தா என்றால் என்ன என்று விளக்கினார். உத்தியோகத்தர் கேள்வி கேட்பார், நான் திரைக்குள் தலையை நீட்டி உம்மாவிடம் கேட்டு வந்து பதில் சொல்வேன். உம்மா வாயைத் திறந்து பேசவே கூசினார். என் காதில் மட்டும் முணுமுணுத்தார். இரண்டு மூன்று கேள்வி இப்படிப் போனது. உத்தியோகத்தர் பேனாவை மூடினார்.

"தம்பி, வெறும் வீட்டைக் காட்டி, திரைக்குப் பின்னால ஆள் இருக்கெண்டு சின்னப் பிள்ளையை வச்சு நாடகமோ? நான் ஆளைக் காணவும் இல்லை, குரலைக் கேக்கவும் இல்லை. எதை நம்பி எழுதுறது?"

மாமாவுக்கு வேர்த்துக் கொட்டியது. எங்களை ஏழையாகக் காட்டப்போய் இல்லாமலே ஆக்கிவிட்டார். உத்தியோகத்தர் குடையை எடுத்தார். அவர் அந்தப் படியால் இறங்கினால் வீடு போய்விடும் என்பது எனக்கே விளங்கியது. நான் அழ ஆரம்பித்தேன்.

அந்த நேரம் பார்த்து ஹாஜியார் வாசலில் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"என்ன, சாமான் சட்டியெல்லாம் ஏத்தி எறக்குறீங்களாம்? என்ட வீட்ட விட்டு ராவோட ராவா ஓடுற யோசனையா?"

பிறகு உத்தியோகத்தர் பக்கம் திரும்பி, "நீங்களே கேளுங்க ஐயா. இந்தப் பொம்பளட புருஷன் இரிந்த காலத்துலயும் எனக்கு ஒழுங்கா வாடகை தந்ததில்ல. ஏமாத்துக்காரன்" என்றார்.

எனக்கு அழுகை நின்றுவிட்டது. அத்தனை கோபம். வாப்பா மாதம் பிறந்ததும் வாடகையைக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு மீனே வாங்குவார். அது இந்த மனிதருக்குத் தெரியாதா?

அப்போதுதான் சுவருக்கு அப்பால் மணி அடித்தது. பதினொன்று. உத்தியோகத்தர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பத்துத்தானே ஆகிறது என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார். எனக்கு உயிரே போய்விட்டது. அது எங்கள் மணிக்கூடு. மாமா சாமான்களை எல்லாம் ஹாஜியாரின் கிட்டங்கிக்குள்ளேயே கொண்டு ஒளித்திருக்கிறார். ஹாஜியார் பெரிதாக இருமினார். இருமி முடித்ததும் இன்னும் பலமாகக் கத்தினார்.

"ஏமாத்துக்காரன்னுதான் சொல்றேன். இல்லேன்னு சொல்ல இங்க யாராச்சும் இரிக்காங்களா?"

"இரிக்கேன்" என்றது திரை.

உம்மாவின் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்குத் தெரியாது. "மௌத்தான மனிசன் மேல பழி போடாதீங்க நானா. அவர் ஒரு மாசம் தவறினதில்ல. அல்லாஹ்வுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். இந்த வீட்ல பன்னெண்டு வருஷம் குடியிருந்து நாலு புள்ள பெத்து மூனப் பறிகொடுத்திரிக்கேன். நான் எங்கயும் ஓடப்போறதில்ல. இத்தா முடிஞ்சதும் உங்கட வாடகைக்கு நான் பதில் சொல்றேன்."

சொல்லிவிட்டு உம்மா விம்மி அழுதார். ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டார். உத்தியோகத்தர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூடிய பேனாவைத் திறந்தார்.

"அழாதேங்கோ அம்மா" என்றார் திரையைப் பார்த்து. "நான் எழுதிறன்."

நின்றபடியே எழுதினார். போகும்போது ஹாஜியாரிடம், ஏழைப் பெண்களோடு இப்படி நடக்கக்கூடாது என்று புத்தியும் சொன்னார். ஹாஜியார் சரி ஐயா, சரி ஐயா என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

உத்தியோகத்தரின் குடை ஒழுங்கை முனையில் மறைந்ததும் மாமா விறாந்தையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ் என்பதை எத்தனை தரம் சொன்னார் என்று கணக்கில்லை. உம்மா திரைக்குள் அழுதுகொண்டே சிரித்தார். பல மாதத்துக்குப் பிறகு எனக்குப் பசித்தது. மாமா என்னைச் சீனி வாங்கக் கடைக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது அலுமாரியும் கதிரைகளும் அதனதன் இடத்தில் இருந்தன. மணிக்கூடு சுவரில் ஏறி, தவறாகவே அடித்துக்கொண்டிருந்தது. அடுத்த மாதமே பணம் வரத் தொடங்கியது. இரும்புக் கடைக்காரர் வேறு வீடு பார்த்துக்கொண்டார். நான் கல்யாணம் கட்டிப் போனதும் அந்த வீட்டிலிருந்துதான்.

அன்று பின்னேரம் உம்மா இடியப்பம் அவித்து, ஒரு தட்டில் வைத்து மூடி, ஹாஜியார் வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆளுக்கா என்று கேட்டேன். "பேசாமக் கொண்டு போ புள்ள" என்றார் உம்மா. பயந்துதான் கொடுத்தனுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹாஜியார் கிட்டங்கி வாசலில் நின்றார். தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். "வாப்பாவப் பத்திச் சொன்னத மன்னிச்சுக்கச் சொல்லு உம்மாகிட்ட" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. உம்மா போட்ட போட்டில் மனிதர் ஆடிப்போயிருக்கிறார், நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். தன் கிட்டங்கிக்குள் அரை நாள் எங்கள் அலுமாரி இருந்ததுகூடத் தெரியாத மடையர் என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

அவர் தட்டைக் கதவடியில் வைத்துவிட்டு, இடுப்புப் பெல்ட்டிலிருந்து சாவியை எடுத்து, என் கண் முன்னாலேயே கிட்டங்கியைப் பூட்டினார். யாருக்கும் கொடுக்காத அந்தச் சாவியை நான் நன்றாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு, வெற்றி பெற்றவள்போல் வீட்டுக்கு நடந்தேன்.