திங்கட்கிழமைப் புண்

என் புண்ணுக்குக் கிழமை தெரியும் என்று கண்டுபிடித்தது நான்தான். மற்றவர்களுக்கு மருந்து சொல்வதில்தான் அக்கறை. வேப்பிலையை அரைத்துப் போடு, பவுடர் போடு, காலுறையை நன்றாக அலசு. எல்லாம் செய்தேன். சோப்பைக்கூட மாற்றினேன்.

திண்டிவனத்தில் ஒரு விபத்தில் இடது காலை முட்டிக்குக் கீழே இழந்தவள் நான். செயற்கைக் காலோடு ஒலக்கூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறேன். போன வருஷம் புதுக் கால் வந்ததிலிருந்து, முட்டிச் சில்லுக்கு நேர் கீழே, கால் உட்காரும் கிண்ணம் அழுத்துகிற இடத்தில் தோல் சிவந்து உரிந்தது. விழுப்புரத்து டாக்டர் பார்த்துவிட்டு, இன்னொரு தரம் பிளந்தால் இரண்டு மாசம் காலைக் கழற்றி வைக்க வேண்டியதுதான் என்றார். கக்கத்தில் கட்டையை வைத்துக்கொண்டு நடந்தால் இரண்டு கையும் போய்விடும். புத்தகத்தை எதில் பிடிப்பது, சாக்பீஸை எதில் பிடிப்பது? பயந்துபோனேன்.

பயத்துக்கு நடுவிலும் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. ஏன் திங்கட்கிழமை மட்டும்? வாரம் முழுக்க வகுப்பில் நிற்கிறேன், பஸ்ஸில் ஏறி இறங்குகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் தோல் ஆறிவிடும். வீட்டுக்கு வந்தால் காலைக் கழற்றிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை, பிறகு அங்கேயே பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, அவ்வளவுதான். முழங்கால் போடுவதால்தான் என்று முடிவுகட்டி அதை நிறுத்தினேன். மாதாவிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை புண் தவறாமல் வந்து நின்றது.

அப்புறம் ஒரு ஞாயிறு கூட்டேரிப்பட்டில் கல்யாணம். பூசைக்குப் போகவில்லை. மண்டபத்துக்கும் ரோட்டுக்குமாக நாள் முழுக்க அலைந்தேன். மறுநாள் தோல் அப்படியே இருந்தது. கல்யாணத்தில் இல்லாதது கோயிலில் என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் கிடந்த என் செருப்பு கண்ணில் பட்டது.

நீலச் சாக்பீஸைப் பொடித்துக் கிண்ணத்துக்குள் தடவினேன். வெள்ளைக் காலுறையோடு காலை மாட்டி, வராந்தாவில் செருப்போடு நடந்தேன். நீலம் உறையெங்கும் லேசாகப் பரவியிருந்தது. வேறு உறை போட்டு வெறுங்காலோடு நடந்தேன். இந்தத் தடவை முட்டிக்குக் கீழே மட்டும் அப்பிக்கொண்டிருந்தது. குதி உயர்ந்த செருப்போடு சேர்த்து அளவு பார்த்துப் பூட்டிய கால் அது. செருப்பைக் கழற்றினால் குதி தாழ்ந்து, கால் பின்னால் சாய்ந்து, கிண்ணத்தின் முன்பக்கம் முட்டிக்குக் கீழே அழுத்துகிறது.

என் வீட்டுக்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிண்டல் பண்ணும்போது என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

“அது ரப்பர்தானே டீச்சர்? அதுக்கும் எதுக்குக் கோயில்ல செருப்ப அவுத்துக்கினு இருந்த?”

அந்தக் காலுக்குச் செருப்பு இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. சாமிக்கு முன்னால் இரண்டும் என் கால் என்றே நினைத்திருக்கிறேன். சிரிக்கத்தான் பார்த்தேன், அழுகை வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு, அதே உயரத்தில் கோயிலுக்கென்றே வாங்கிய செருப்பைப் பையில் கொண்டுபோய் வாசலில் மாற்றிக்கொண்டு உள்ளே போனேன். எப்போதும் என் பக்கத்தில் உட்காரும் அக்கா கீழே பார்த்தார்.

“செருப்பு போட்டுக்கினே உள்ள வர்றியேம்மா.”

“கால் ரப்பருக்கா. செருப்பு இல்லன்னா புண்ணாவுது.”

“எந்தக் காலு?”

விபத்தின்போது ரொட்டி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர் அவர். மறந்தே போயிருந்தார். இடது காலைக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

திங்கட்கிழமை காலை உறையை மாட்டுவதற்கு முன்னால் பார்த்தேன். தோல் சுத்தமாக இருந்தது. ஒரு கையில் புத்தகமும் ஒரு கையில் சாக்பீஸுமாக வகுப்புக்குப் போனேன்.